மோசஸ் விட்டுவைத்த இடம்

மோசஸின் மனைவி ரோசியிடமிருந்து போன் வந்தபோது நான் கடை வாசலில் உட்கார்ந்து வேப்பிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பெரியபாளையம் அம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான இலையைச் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். ரோசி எப்போது கூப்பிட்டாலும் முதலில் "துன்னியாக்கா?" என்று சாப்பிட்டதைப் பற்றித்தான் கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. "அவரு போய்ட்டாருக்கா" என்றாள். எங்கே, ஷிப்டுக்கா என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் யாரோ ஓவென்று அழுவது கேட்டது. நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தவன் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டான் என்றும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் நான் கும்மிடிப்பூண்டிக்கு அவன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரு பாட்டு முடியும் நிலையில் இருந்தது. "ஞாயித்துக்கெழம வந்து கேளுக்கா, முடிச்சி வெக்கிறேன்" என்று சொல்லியிருந்தான். அந்தப் பாட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு, மெலிந்துபோன குரலில் நான் பாடிய முதல் பாட்டு அது. நான் இனிமேல் பாடகியா, இல்லை வெறும் தேங்காய்த்தட்டுக் கடைக்காரியா என்பதை அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வது என்று வைத்திருந்தேன்.

மோசஸை அறிந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். பம்பைக்காரர்கள், சர்ச் பாடகர் குழுக்காரர்கள், கல்யாண வீட்டில் கீபோர்டு வாசிக்கிறவர்கள், ஆடி மாதத்துக்கு மட்டும் பாடுகிற என்னைப் போன்றவர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். செத்துப்போனான் என்பதற்காக 'அவர்' என்று எழுதினால், "இன்னாக்கா, திடீர்னு மரியாத?" என்று சிரித்திருப்பான். ஆகவே அவன் என்றே எழுதுகிறேன்.

மோசஸ் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் வேலை பார்த்தான். வார ஓய்வு நாளில் தன் வீட்டு முன்னறையில் பாட்டுகளைக் கலந்து கொடுத்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாடுகிறவர் குரல், பம்பை, உடுக்கை, கீபோர்டு, கோரஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் தடமாகப் பதிவு செய்வார்கள். பிறகு கம்ப்யூட்டரில் எதற்கு எவ்வளவு சத்தம் என்று பார்த்து, ஏற்றி இறக்கி, ஒரே பாட்டாகச் சேர்க்க வேண்டும். அதுதான் மிக்சிங். அதைச் செய்கிறவன் பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டு நன்றாக இருந்தால் பாடகியைப் பாராட்டுவார்கள். கரகரத்தால் ஸ்பீக்கர்காரனைத் திட்டுவார்கள்.

நான் அவனிடம் போய்ச் சேர்ந்ததே ஒரு கரகரப்பால்தான். வேறொரு ஊரில் ஒரு ஸ்டூடியோவில் அம்மன் பாட்டு பாடிக் கொடுத்திருந்தேன். ஆடி ஞாயிறன்று டெம்போ வண்டிகளின் குழாய் ஸ்பீக்கர்களில் அது ஒலித்தபோது என் குரல் தகர டப்பாவுக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் இருந்தது. எதிர்க்கடைக்காரி, "வேதா, உனுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டாள். கோபம் தலைக்கேறியது. அப்போது என்னோடு வந்த பம்பைக்காரர் ஒருவர்தான் கும்மிடிப்பூண்டியில் ஒருவன் இருக்கிறான், போய்ப் பார் என்றார். அந்தக் கெட்டுப்போன பாட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவன் வீட்டு முன்னறைக்கு வாசக்கால் தாழ்வானது. மோசஸோ நெட்டைப் பனை. உள்ளே வரும்போதெல்லாம் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் வருவான். நான் கொண்டுபோன பாட்டைத் திரையில் படமாக விரித்துக் காட்டினான். குரலின் அலை மலை மலையாக இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம், மேலே தட்டையாக, மொட்டை மாடி வரிசை போல இருந்தது. "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு வாசக்கால் இருக்குதுக்கா. அதுக்கு மேல நீ சத்தம் குடுத்தா அது ஒசந்து எடம் குடுக்காது. உன் உச்சந்தலைய சீவி உட்ரும். இவுங்க பதியும்போதே சீவிட்டாங்க. அப்பால சத்தத்த கொறச்சி பச்ச லைட்டு எரிய வெச்சி, சரியாப்போச்சின்னு உன்கிட்ட குடுத்துட்டாங்க. கொறச்சா தல திரும்பி மொளைக்குமா?" என்றான். இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்தவன் வாசக்காலில் நங்கென்று இடித்துக்கொண்டான். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

முதல் பதிவின்போது மைக் முன்னால் நின்று எல்லோரையும் போல, "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்றேன். கண்ணாடி இல்லை, தடுப்பு இல்லை, அதே அறையின் மூலையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். "அத்த யாரு கேட்டா? சாமி வர்ற எடத்த பாடு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பாட்டில் அப்படி ஓர் இடம் உண்டு. பம்பை வேகம் பிடித்து, உடுக்கை சேர்ந்து, பாடுகிறவள் அம்மனைப் பெயர் சொல்லி அழைக்கும்போது கூட்டத்தில் யாராவது ஒருத்தி தலைவிரித்து ஆட ஆரம்பிப்பாள். சில சமயம் பாடுகிறவளுக்கே அருள் வந்துவிடும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற இவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க சர்ச்லயும் வரும்க்கா. பேரு வேற, சத்தம் ஒண்ணுதான்" என்றான்.

எல்லோரும் செய்கிற தப்பை அவன் அன்றைக்கு எனக்குப் புரியவைத்தான். மைக் சரிபார்க்கும்போது நாம் சம்பந்தி வீட்டில் பேசுவது போல அடக்கமாக ஹலோ சொல்கிறோம். அதற்கு ஏற்றபடி அளவு வைத்துவிடுகிறார்கள். பாட்டு தொடங்கி பக்தி ஏறியதும் குரல் நாலு மடங்காகிறது, அளவு மீறிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிகிறது, தலை சீவப்படுகிறது. ஆகவே மோசஸ் யாராக இருந்தாலும் முதலில் பாட்டின் உச்ச இடத்தைத்தான் பாடச் சொல்வான். அதற்கு அளவு வைத்துவிட்டு, மேலும் கொஞ்சம் குறைப்பான். ஏன் என்று கேட்டால், "இப்ப நீ சும்மா பாடுற. நெஜமா பாடும்போது இன்னும் ஏறுவ. அதுக்கு எடம் வேணாமா?" என்பான். மேலே விட்டுவைக்கும் அந்த வெற்றிடத்துக்கு அவன் வைத்த பெயரே 'சாமி வர்ற எடம்' என்பதுதான். சர்ச்சிலிருந்து பாட வருகிறவர்களிடமும் அதையே சொல்வான். அவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள்.

ஒருமுறை அந்த இடமும் போதாமல் போனது. பாடிக்கொண்டிருந்த எனக்கே அருள் வந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது, பம்பைக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். நான் குரலெடுத்துக்கொண்டு மைக்கை நோக்கி நடந்தேனாம். திரையில் சிவப்பு எரிந்ததாம். வேறு யாராக இருந்தாலும், "கட், கட்" என்று கத்தியிருப்பார்கள். மோசஸ் எழுந்து வந்து மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்து, நான் முன்னால் வர வர, அதைத் தூக்கிக்கொண்டு என்னைவிட ஓரடி கூடுதலாகவே பின்னால் போயிருக்கிறான். குழந்தைக்கு நடை பழக்குகிறவர்கள் பின்னோக்கி நடப்பார்களே, அப்படி. கடைசியில் அவன் முதுகு சுவரில் முட்டியதும் எனக்கு நினைவு திரும்பியது. தண்ணீர் கொடுத்துவிட்டு, "உங்க அம்மனுக்கு நான் எடம் கம்மியா உட்டுட்டேன்க்கா. என் தப்புதான்" என்றான். அந்தப் பதிவையே வைத்துக்கொண்டோம். அதில் என் குரல் மெல்ல மெல்லத் தூரம் போவது இப்போதும் கேட்கும்.

அவனோடு சண்டை போடாத நாள் கிடையாது. எனக்கு வாய் பெரிது. கோயில் வாசலில் சின்ன வயதிலிருந்து, "தட்டு வாங்கிக்கம்மா, இலை வாங்கிக்கம்மா" என்று கூவிக் கூவி வளர்ந்த தொண்டை. ஒரு பாட்டில் கோரஸும் கீபோர்டும் என்னை மூடிவிட்டன என்று, "என் குரல ஏத்து" என்றேன். "ஏத்த மாட்டேன்" என்றான். "என் பாட்டுல என்ன ஏத்தாம யார ஏத்துவ?" என்று கத்தினேன். ரோசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் கீபோர்டை இறக்கினான், கோரஸைக் கொஞ்சம் இறக்கினான். என் குரல் அலம்பி வைத்த பாத்திரம் போலத் தெளிவாக வெளியே வந்தது. "இப்ப உன்ன ஏத்துனனா? உன் மேல ஒக்காந்துக்கினு இருந்தவங்கள எழுப்பி உட்டேன். அவ்ளோதான்" என்றான்.

இதில் அவன் பிடிவாதக்காரன். ஒவ்வொரு தடமும் தனியாகக் கேட்டால் பச்சையாகத்தான் எரியும். எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தத்தில் சிவப்பு வந்துவிடும். மற்றவர்கள் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கத் தள்ளுகிற ஒரே கட்டையைக் கீழே இழுத்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போவார்கள். மோசஸ் எல்லாவற்றையும் அடியோடு இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். இருப்பதிலேயே பலவீனமான குரல் எதுவோ, அதை முதலில் வைப்பான். அது கேட்கிற அளவுக்கு மற்றவை இருந்தால் போதும் என்பான். "எல்லாரும் நல்லவங்கதான்க்கா. ஒண்ணா சேந்தாத்தான் செவப்பு எரியுது" என்று அவன் சொல்வது நம் கலைஞர் சங்கக் கூட்டங்களிலும் பலமுறை பயன்பட்டிருக்கிறது. அங்கே அதைக் கேட்டு நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம், அடுத்த நிமிஷமே மறுபடி கத்த ஆரம்பித்திருக்கிறோம்.

ஆலையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்கிற ஒரே ஆள் அவன்தான் என்று அவனோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். காதில் பஞ்சு வைத்த மாப்பிள்ளை என்று கேலி செய்வார்களாம். அவன் கண்டுகொள்ளவில்லை. ஷிப்டு முடித்து வந்த நாளில் எவ்வளவு அவசரம் என்றாலும் மிக்சிங்கில் உட்கார மாட்டான். "நான் ஊட்டுக்கு வந்துட்டேன். காது இன்னும் மில்லுலதான் கீது. அது வரட்டும்" என்பான். தணிகாசலம் ஆடிப் பாட்டுகளைத் தயாரித்து வெளியிடுகிறவர், அவசரத்துக்குப் பிறந்தவர். அவர் போனில் காய்ச்சி எடுப்பார். மோசஸ் போனையும் கொஞ்சம் தூரமாகத்தான் பிடித்துக்கொள்வான்.

சின்னச் சத்தத்தில்தான் கலப்பான். எவ்வளவு சின்னது என்பதற்கு அவன் வைத்திருந்த அளவுகோல் ரோசி. அடுப்படியில் வேலை செய்துகொண்டே அவள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அவள் குரலை உயர்த்தாமல் பேசுவது அவனுக்குக் கேட்க வேண்டும். அவள் கத்த வேண்டிவந்தால் ஸ்பீக்கரில் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குமிழைத் திருகிக் குறைத்துவிடுவான். "சத்தமா வெச்சா எல்லாமே நல்லாதான்க்கா இருக்கும். சின்னதா வெச்சி நல்லாகீதான்னு பாக்கணும்" என்பான். ரோசி ஒருமுறை என்னிடம், "பொண்டாட்டி பேச்ச கேக்கறதுக்குன்னே ஸ்பீக்கர கொறைக்கிற ஆம்பள இவரு ஒருத்தருதாங்க்கா" என்று பெருமையோடு அலுத்துக்கொண்டாள்.

எனக்குத் தைராய்டு கட்டி என்று சொன்னார்கள். ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோது வந்தது என் குரல் இல்லை. காற்றும் சத்தமும் பாதிப் பாதியாகக் கலந்த ஏதோ ஒன்று. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மாதங்கள் போயின. கொஞ்சம் தேறியது, பழையபடி ஆகவில்லை. கடையில் கூவ முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரி கூவி வரவழைத்த கூட்டத்தில் மிச்சம்தான் எனக்கு. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆடி வந்ததும், வேறு யாரோ பாடிய பாட்டுகள் வண்டி வண்டியாகக் கடை முன்னால் போனபோதுதான் உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். அழுகைகூடச் சத்தமாக வரவில்லை.

மோசஸ் கடைக்கு வந்தான். வேப்பிலைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னாக்கா, போன் பண்ணா எடுக்க மாட்டேன்ற?" என்றான். என் குரலைக் கேட்டான். முகத்தில் எதையும் காட்டவில்லை. "அடுத்த வருசத்துக்கு ஒரு பாட்டு பண்ணணும்" என்றான். எனக்குச் சுள்ளென்று வந்தது. "சாமி வர்ற எடமே இனிமே என் தொண்டையில கெடையாதுடா. எத்த வெச்சி பண்ணுவ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "உங்க அம்மன் தூங்காதா?" என்று கேட்டான். "வருசம் பூரா எல்லாரும் கத்தி கத்தி அத்த எழுப்பிக்கினே கீறீங்க. தூங்க வெக்கிறா மாரி ஒண்ணு பாடு. அதுக்கு இந்தக் குரல்தான் வேணும்."

அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. படித்தது அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. அம்மனுக்கு ஒரு தாலாட்டு எழுதினேன்.

ஊரெல்லாம் உன் வாசல் வந்து
ஓஞ்சு போச்சு தாயே,
ஒரு கண்ணை மூடிக்கோ, நான்
காவல் இருக்கேன் தாயே.

இப்படித் தொடங்கும். பாடப் போன நாளில் மோசஸ் வழக்கம்போல உச்ச இடத்தைக் கேட்டான். இருந்த உச்சத்தைப் பாடிக் காட்டினேன். நம் வீட்டுக் கைக்குழந்தைகூட அதைவிடச் சத்தமாக அழும். அப்போதும் அவன் அதற்கு மேலே இடம் விட்டான். "இவ்ளோ எதுக்குடா, நான் எங்க ஏறப் போறேன்?" என்றேன். "உனுக்கு தெரியாதுக்கா" என்றான்.

தணிகாசலத்துக்கு இந்தப் பாட்டில் நம்பிக்கை இல்லை. ரோட்டில் பத்து வண்டி ஒரே நேரத்தில் அலறும்போது தாலாட்டு எவன் காதில் விழும், குரலை நல்லா ஏத்தி எல்லாத்தையும் முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். மோசஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கும்படி பதில் சொன்னான்: "சத்தம் வேணும்னா கேக்கறவன் திருகிக்கட்டும் சார். அதுக்குத்தான அவன் பொட்டியில திருகாணி வெச்சிக்கிறான். நான் சீவிக் குடுத்துட்டா அவன் எத்த திருகுவான்?" அதற்கு அடுத்த வாரம்தான் என்னை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவனை அடக்கம் செய்யப் போனேன். ஆலையிலிருந்து சீருடையோடு வந்திருந்தார்கள். சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். நம் பம்பைக்காரர்கள் பம்பையைத் தோளில் மாட்டியபடி தெருமுனையிலேயே நின்றார்கள். கிறிஸ்தவர் வீட்டுச் சாவில் அடிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ரோசி அவர்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "அடிங்கண்ணா. ஆனா சத்தமா வாணாம். நான் பேசனா அவருக்கு கேக்கணும்" என்றாள். அவர்கள் குச்சியை வைத்துவிட்டு விரல்களால் அடித்தார்கள். கல்லறைத் தோட்டம் வரைக்கும் அப்படியே வந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ரோசி கூப்பிட்டாள். ஆறுதல் ஜெபக் கூட்டம் வைக்கிறோம், வந்து பாடு என்றாள். என்னால் முடியாது என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு பேர் முன்னால் நான் பாடியதில்லை. "நீ முன்னாடியே வாக்கா. அவரு முடிச்சி வெச்சத கேளு. கேட்டுட்டு அப்பால முடியாதுன்னு சொல்லு" என்றாள்.

முன்னறை அவன் விட்டுப்போனபடியே இருந்தது. வாசக்காலைத் தாண்டும்போது, ஐந்தடிகூட இல்லாத நான் காரணமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். ரோசி கம்ப்யூட்டரைப் போட்டுப் பாட்டைத் திறந்து கொடுத்தாள். குமிழை நான் தொடவில்லை, அவன் வைத்த அளவிலேயே விட்டுவிட்டேன். திரையில் தடங்கள் வரிசையாக இருந்தன. உடுக்கை கீழே, வீணை போல வாசித்த கீபோர்டு கீழே, கோரஸ் இன்னும் கீழே. என் குரலின் சத்தக் கட்டை மட்டும் பதிவு செய்த அன்று எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. அவன் என்னை ஒரு துளிகூட ஏற்றவில்லை.

பாட்டு தொடங்கியது. யாரோ ஒருத்தி காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சோடு பாடினாள். குரலில் காற்று இருந்தது, விரிசல் இருந்தது, எதையும் அவன் மறைக்கவில்லை. ஆனால் ஒரு சொல்கூட மூழ்கவில்லை. இசையெல்லாம் தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டில் நடமாடுவது போல அவளைச் சுற்றிக் கால்பாவாமல் நடந்தது. அது என் குரல்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு என் குரல் மிகவும் பிடித்திருந்தது. பாதிப் பாட்டில் அடுப்படியிலிருந்து, "டீ போடட்டுமாக்கா?" என்று ரோசி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், குரலை உயர்த்தவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. மோசஸ் இல்லாததை அந்த நிமிஷத்தில்தான் நான் முழுசாக உணர்ந்தேன். அவளே டீயோடு வந்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"கூட்டத்துல இத்தயே பாடு" என்றாள். அம்மன் தாலாட்டை ஜெபக் கூட்டத்தில் எப்படிப் பாடுவது என்று கேட்டேன். "தாயேன்னு வர்ற எடத்துல தம்பின்னு பாடு. ஐயருகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். சர்ச் போதகரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

கூட்டத்தன்று தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். நீங்களும் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். சவுண்டு சர்வீஸ்காரர் புது ஆள், மோசஸைத் தெரியாதவர். மைக்கைக் கொடுத்து, "ஹலோ சொல்லும்மா" என்றார். நான் ஹலோ சொல்லவில்லை. பாட்டின் உச்ச இடத்தைப் பாடினேன். அவர் அளவு வைத்தார். "இன்னும் கொறைங்க" என்றேன். "ஏம்மா, உன் குரலே கம்மியா கீது. இன்னும் கொறைச்சா பின்னால கேக்காது" என்றார். "பின்னால கீறவங்க பேசாம இருப்பாங்க. கொறைங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார்.

முதல் வரியைப் பாடினேன். ரோசி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பந்தலில் ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. "ஓஞ்சு போச்சு தம்பி" என்றபோது தாங்கிவிட்டேன். "ஒரு கண்ணை மூடிக்கோ, நான் காவல் இருக்கேன்" என்று பாடி, "தம்பி" என்று சொல்லப்போன இடத்தில் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு இருந்த அந்தக் குரல், கோயில் வாசலில் கூவி வளர்ந்த குரல், ஒரே ஒரு சொல்லுக்கு முழுசாக வெளியே வந்தது. பாட்டாக வரவில்லை, அழுகையாக வந்தது. பந்தல் முழுக்க, தெருமுனை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் பதறிப்போய்க் கட்டையில் கை வைத்தாராம். வைக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பீக்கர் கரகரக்கவில்லை. அழுகை அழுகையாகவே கேட்டது.

தணிகாசலமும் வந்திருந்தார். பாட்டை மோசஸ் முடித்த அளவிலேயே வெளியிட்டுவிட்டார். அவர் மனம் இளகியதா, ஆடிக்குள் வேறு ஆள் கிடைக்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. இந்த ஆடியில் வண்டிகளின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கூட்டம் வடிந்த பிறகு, தேங்காய் மூடிகளைப் பெருக்கிக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரி தன் போனில் அதைப் போட்டுக்கொண்டு பெருக்குவதைப் பார்த்தேன். ஜலதோஷமா என்று இந்த முறை கேட்கவில்லை.

மோசஸின் சாமான்களில் எதையாவது ஞாபகத்துக்கு எடுத்துக்கொள் என்று ரோசி சொன்னாள். மைக் வேண்டுமா, ஹெட்போன் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவன் எனக்குக் கொடுத்தது ஏற்கனவே என்னிடம் இருக்கிறது. இப்போது நான் பாடினாலும் சரி, கடையில் பேசினாலும் சரி, மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அந்தப் பந்தலில் 'தம்பி' என்ற சொல் போய் நின்ற இடம் அது. இவ்வளவு எதுக்குடா என்று கேட்டேனே, அவன் உனக்குத் தெரியாது என்றானே, அந்த இடம் தனக்காகத்தான் தேவைப்படும் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.